இன்ஜினைச் சரிசெய்வதா, மாற்றுவதா? முதலில் அளந்து பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன வாரம். முடிச்சூர் பக்கமிருந்து ஒரு ஸ்விஃப்ட் டீசலைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். 2014 மாடல், 96,000 கிலோமீட்டர் ஓடியது. இருக்கைகள் இன்னும் ஈரம், உள்ளே சேற்று நாற்றம். தண்ணீர் வடிந்ததும் உரிமையாளர் சாவியைப் போட்டு ஒருமுறை செல்ஃப் அடித்திருக்கிறார். "டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுண்ணே, அதோட சரி" என்றார்.

தாம்பரத்தில் இன்ஜின் ரீபோரிங் பட்டறையில், அதாவது தேய்ந்த சிலிண்டர்களைக் குடைந்து சரிசெய்யும் பட்டறையில், 22 வருடமாக நிற்கிறேன். பக்கத்துக் கடை மெக்கானிக் வண்டிகளைப் பிரித்து இன்ஜினை எங்களிடம் அனுப்புவார். அவர்தான் இவரையும் அழைத்து வந்தார். வரும்போதே உரிமையாளரின் கையில் இரண்டு விலை இருந்தது. ஒரு சர்வீஸ் சென்டர் புது ஹாஃப் இன்ஜின் (மேல்மூடியான ஹெட் இல்லாமல் இன்ஜினின் அடிப்பகுதி மட்டும்) போட வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்திருந்தது. ஒரு புரோக்கர், சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் எடுத்து இரண்டே நாளில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். "ரெண்டுல எதுண்ணே நல்லது?" என்று கேட்டார்.

"உள்ளே என்ன உடைஞ்சிருக்குன்னு யாராவது திறந்து பார்த்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பதில்தான். நோய் என்னவென்று தெரியாமலே அறுவை சிகிச்சைக்கு விலை பேசுவதுபோல, இன்ஜின் விஷயத்தில் முக்கால்வாசிப் பேர் திறப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடுகிறார்கள். சரிசெய்யலாமா, பழைய இன்ஜின் வாங்கிப் போடலாமா, புதிது போடலாமா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் நல்ல வழிகள்தான். எந்த வண்டிக்கு எது என்பதைச் சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும் இரும்பு. அதைக் கேட்காமல் நாம் பேசக்கூடாது.

நான்கு டீஸ்பூன் தண்ணீர்

அந்த ஸ்விஃப்ட்டில் இருந்தது 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின், துல்லியமாக 1248 சிசி. நான்கு சிலிண்டர் என்பதால் ஒன்றுக்கு 312 சிசி. இந்த டீசல் இன்ஜின் காற்றைப் பதினேழு மடங்குக்கும் மேலாக அழுத்தும். பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 19 மில்லிக்குப் பக்கம்தான். நான்கு டீஸ்பூன் அளவு. அதைவிடச் சற்று அதிகமாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருந்தால் போதும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வர முடியாமல் நிற்க, கீழே கிராங்க் (பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் சுழல்தண்டு) சுற்றப் பார்க்க, நடுவில் மாட்டிய கனெக்டிங் ராடு வளைகிறது. அவர் கேட்ட 'டொக்' அதுதான். பெட்ரோல் இன்ஜினில் அழுத்தம் குறைவு என்பதால் மேலே கொஞ்சம் கூடுதல் இடம் உண்டு. அதனால் சில பெட்ரோல் கார்கள் இதே வெள்ளத்தில் பிழைத்துக்கொள்கின்றன.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் செல்ஃப் அடிக்கவே கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் என்றால் பிளக், டீசல் என்றால் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்கைக் கழற்றி, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். தண்ணீர் இருந்தால் துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் பால் அதிகமான காபி நிறத்தில் இருக்கும். இந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிட்டால் ஆயிலையும் ஃபில்டரையும் இரண்டு மூன்று முறை மாற்றி, உள்ளே சுத்தம் செய்து, இன்ஜினைக் காப்பாற்றிவிடலாம். எதை மாற்றுவது என்ற கேள்வியே எழாது.

இவர் அடித்துவிட்டார். எனவே ஹெட்டைக் கழற்றினோம். சிலிண்டர்கள் உள்ள பிளாக்கின் மேல்தளத்தில் டயல் கேஜ் என்ற முள் அளவுகோலை வைத்து, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து உயரம் பார்த்தோம். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்றாவது மட்டும் 0.4 மில்லிமீட்டர் கீழே நின்றது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. உரிமையாளர் குனிந்து பார்த்துவிட்டு "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றார். முள் ஓடி நின்ற இடத்தைக் காட்டினேன். பேசாமல் நின்றார்.

இந்த நிலையில் வண்டியை எப்படியோ ஸ்டார்ட் செய்து ஓட்டியவர்களும் உண்டு. வளைந்த ராடு சில நூறு கிலோமீட்டர், சில சமயம் சில ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதுவரை சரிசெய்யக்கூடியதாக இருந்த இன்ஜின் அன்றைக்குப் பழைய இரும்பாகிவிடும். வெள்ளத்துக்குப் பிறகு "ஓடுதே, பார்த்துக்கலாம்" என்று விடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

முடிவைச் சொல்லும் மூன்று துண்டுகள்

இன்ஜினில் நூற்றுக்கணக்கான உதிரிகள் உண்டு. ஆனால் சரிசெய்வதா மாற்றுவதா என்பதை உண்மையில் தீர்மானிப்பவை மூன்று: பிளாக், கிராங்க், ஹெட். மற்றதெல்லாம் கடையில் புதிதாகக் கிடைக்கும் சாமான்கள். பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, செயின், ஆயில் பம்ப் எதுவாக இருந்தாலும் காசு கொடுத்தால் தீர்ந்தது.

மூன்றும் நன்றாக இருந்தால் சரிசெய்யுங்கள். ஒன்று மட்டும் போயிருந்தால் அந்த ஒன்றை மாற்றிச் சரிசெய்வது பெரும்பாலும் கட்டுப்படியாகும். இரண்டு போயிருந்தால் இன்ஜினையே மாற்றுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கணக்கு அரிதாகவே பொய்த்திருக்கிறது.

பிளாக்கை எப்படிப் பார்ப்பது? சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தால் வருடுங்கள். நகம் தட்டுப்பட்டால் பிஸ்டன் ரிங் ஓடிய இடம் தேய்ந்து படி விழுந்திருக்கிறது. பிறகு போர் கேஜ் விட்டு மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளவெடுப்போம். சிலிண்டர் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால் போர் அடித்து (சிலிண்டரைச் சற்று அகலமாகக் குடைந்து), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் என்று வரும். முதலில் அந்த அளவு பிஸ்டன் கைக்கு வர வேண்டும், அதன் பிறகுதான் பிளாக்கை மெஷினில் ஏற்ற வேண்டும். போர் அடித்துவிட்டு பிஸ்டன் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்துக்கிடந்த பிளாக்குகளைப் பார்த்திருக்கிறேன். பழைய வார்ப்பிரும்பு பிளாக் என்றால் ஒன்றுக்கு இரண்டு முறைகூட போர் தாங்கும். இன்றைய அலுமினிய பிளாக்குகளில் உள்ளே இருப்பது மெல்லிய இரும்பு லைனர். எவ்வளவு சீவலாம் என்பதற்கு எல்லை உண்டு, சிலவற்றில் ஓவர்சைஸே கிடையாது. அப்படிப்பட்டதில் சிலிண்டர் கீறிப்போனால் ஹாஃப் இன்ஜின்தான் ஒழுங்கான வழி.

கிராங்கில் பார்க்க வேண்டியது நிறம். ஆயில் இல்லாமல் ஓடி பேரிங் உருகியிருந்தால், பேரிங்கில் சுற்றும் பகுதியான ஜர்னல் நீலம் பாய்ந்திருக்கும். சும்மா கீறல் மட்டும் என்றால் கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் பேரிங் போடலாம். நீலம் பாய்ந்த கிராங்கைக் கிரைண்டிங் செய்து போடச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். சூட்டில் இரும்பின் கடினமே மாறியிருக்கும். அது எப்போது விரிசல் விடும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஹெட் அலுமினியம். சூடேறினால் முதலில் வளைவது அதுதான். ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கிறோம். நிறைய இன்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு கூடாது. சாதாரணக் காகிதத்தின் தடிமனில் பாதி! ஃபேஸிங் செய்து (மெஷினில் தளத்தைச் சீவி) நேராக்கலாம், அதற்கும் எல்லை உண்டு. விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் போகும் வழிகளையெல்லாம் அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் ஹெட்டை முக்கி, உள்ளே காற்றழுத்தம் கொடுப்போம். விரிசல் இருந்தால் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவிலிருந்து ஊசிநூல் மாதிரி குமிழிகள் வரிசையாக ஏறி வரும். அந்தக் குமிழியை உரிமையாளர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பார்த்துவிட்டால் பிறகு யாரும் அவரை ஏமாற்ற முடியாது.

ஏன் போனது என்று தெரியாமல் எதையும் போடாதீர்கள்

இது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம். 2011-இல் ஹீட் ஆகி நின்ற ஒரு கார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் போயிருந்தது. ஹெட்டை ஃபேஸிங் செய்து அனுப்பினேன். வேலை சுத்தமான வேலை. இரண்டு மாதத்தில் அதே ஹெட் திரும்பி வந்தது, இந்தமுறை விரிசலோடு. ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றி, குழாயெல்லாம் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் குடும்பம் ஒரே இன்ஜினுக்கு இரண்டுமுறை பணம் கட்டியது. அன்றிலிருந்து எந்த ஹெட் வந்தாலும், ஏன் சூடேறியது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் மெஷினை ஓட விடுவதில்லை.

புது இன்ஜின் போட்டாலும் இதே கதைதான். அடைத்த ரேடியேட்டரும் ஓடாத ஃபேனும் புது இன்ஜினையும் கொல்லும். மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். இன்ஜினை மாற்றும்போது காரணம் வண்டியிலேயே தங்கிவிடும்.

காரணத்தைப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும். டைமிங் பெல்ட் அறுந்தது என்றால் பெரும்பாலும் வால்வுகள் வளைந்திருக்கும், அடிப்பகுதி பிழைத்திருக்கும். டஸ்டர், டெரானோ வகை 1.5 டீசல் கார்களில் இருப்பது பெல்ட். அங்கே பெல்ட் போனவர்கள் பதறிப்போய் இன்ஜினையே மாற்ற ஓட வேண்டாம். ஹெட்டை இறக்கிப் பாருங்கள், பிஸ்டன் தலையில் வால்வு பட்ட தடம் மட்டும் இருந்தால் ஹெட் வேலையோடு முடிந்துவிடும். ஆயில் தீர்ந்து போய் நின்றது என்றால் அடிப்பகுதி போயிருக்கும், அது பெரிய வேலை. ஆயிலை நாள் தள்ளி மாற்றியதால் கசடு கட்டி, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள சல்லடை அடைத்து, பேரிங் போனது என்றால், அதே கசடு டர்போவுக்குப் போகும் குழாயிலும் இருக்கும். எல்லாவற்றையும் பிரித்துச் சுத்தம் செய்யத் தயாராக இல்லாத மெக்கானிக்கிடம் சரிசெய்யக் கொடுப்பதைவிட மாற்றிவிடுவது மேல்.

புதுப்பேட்டை இன்ஜின்

புதுப்பேட்டையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எத்தனையோ நடுத்தரக் குடும்பத்து வண்டிகளை ஓட வைத்த சந்தை அது. பின்பக்கம் இடிபட்டு, இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் (முழு நஷ்டம்) என்று கழித்த வண்டியிலிருந்து வரும் குறைந்த கிலோமீட்டர் பெட்ரோல் இன்ஜின் கிடைத்தால், அதைவிட நல்ல தீர்வு இல்லை. சந்தையில் நிறைய ஓடும் பெட்ரோல் கார்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று நாளில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த நாட்களே பெரிய பணம்.

ஆனால் நம் ஸ்விஃப்ட் டீசலின் நிலை வேறு. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. அந்த இன்ஜின் போட்ட புது வண்டி அதற்குப் பிறகு வரவில்லை. அதாவது சந்தைக்கு வரும் ஒவ்வொரு இன்ஜினும் வருடத்துக்கு வருடம் கிழடாகிக்கொண்டே போகிறது. பலகையில் கழுவித் துடைத்து வைத்திருப்பது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, எந்த வெள்ளத்தில் நின்றது என்று வெளியிலிருந்து தெரியாது. அந்த டிசம்பரில் இன்னொரு அபாயமும் இருந்தது: ஊரெல்லாம் மூழ்கிய வண்டிகள். நம் இன்ஜினைப் போலவே தண்ணீர் குடித்த இன்ஜின் நமக்கே வந்து சேரலாம்.

இன்னொரு சிக்கல் பொருத்தம். அதே 1.3 டீசல் இரண்டு விதமாக வந்தது. ஸ்விஃப்ட், டிசையரில் 75 குதிரைத்திறன். எர்டிகா, சியாஸ், எஸ்எக்ஸ்4 வண்டிகளில் வேறு டர்போவோடு 90. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிடுவார்கள். ஒன்றல்ல. டர்போ, இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். காமன் ரெயில் டீசலில் இன்ஜெக்டரை மாற்றினால் அதன் மேல் பொறித்த குறியீட்டை ஸ்கேனர் வைத்து இசியூவில் (இன்ஜின் கம்ப்யூட்டரில்) ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் புகையும் அதிர்வும் இருந்துகொண்டே இருக்கும், பழி இன்ஜின்மேல் விழும்.

பழைய இன்ஜின் வாங்குவதானால் நான் சொல்வது இவ்வளவுதான். கழுவாத இன்ஜினைக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள், கருப்புக் கசடோ மஞ்சள் நுரையோ ஒட்டியிருக்கக் கூடாது. கிராங்க்கை முழுதாக இரண்டு சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். முடிந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளந்து பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு வண்டியில் ஏற்றுமுன் சம்ப்பைக் கழற்றி, ஒரு பேரிங்கையாவது திறந்து பார்த்து, வாட்டர் பம்ப், ஆயில் சீல், டைமிங் செட் புதிதாகப் போட்டு ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு இவற்றை மாற்ற மறுபடியும் இறக்குகூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்ஜின் எண் பொறித்த இடம் ராவப்படாமல் இருக்கிறதா என்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள். எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்பதற்கு ஆர்சி நகலும், கடையின் பில்லும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த இன்ஜின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின் கீழ், இன்ஜின் மாற்றத்தை ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியில் பதிய வேண்டும். வண்டிமேல் கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் புது எண்ணைச் சொல்ல வேண்டும். பலர் இதைச் செய்யாமலே ஓட்டுகிறார்கள். விற்கப் போகும்போதோ, விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து எண்ணைப் பார்க்கும்போதோ மாட்டிக்கொள்கிறார்கள். சரிசெய்வதில் உள்ள பெரிய நிம்மதி இது. உங்கள் பிளாக், உங்கள் எண், எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம்.

பணக் கணக்கு

பணத்தைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்னது தெரிந்த பிறகுதான் இந்த எண்களுக்கு அர்த்தம் வரும்.

பொதுவாக என்ன செய்கிறோம்? வேலைச் செலவையும் வண்டியின் மொத்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். "மூணு லட்ச ரூபாய் வண்டிக்கு ஒரு லட்சம் செலவா?" என்று திடுக்கிடுகிறோம். ஒப்பிட வேண்டியது அதுவல்ல. ஓடும் நிலையில் வண்டி 3 லட்சம் போகும், இன்ஜின் போன நிலையில் 1,20,000-க்குத்தான் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 1,80,000 ரூபாய் இருக்கிறது. வேலைச் செலவு அதற்குக் கீழே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. முழு வேலை 95,000, பழைய இன்ஜின் எல்லாச் செலவும் சேர்த்து 85,000, புது ஹாஃப் இன்ஜின் 1,90,000 என்று வந்தால், மூன்றாவது வழி அடிபட்டுப் போகிறது. (இவை கணக்கு விளங்க நான் எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊரில், உங்கள் வண்டிக்கு வாங்கும் விலைகளை இதில் போட்டுக்கொள்ளுங்கள்.)

முதல் இரண்டுக்கும் 10,000 ரூபாய்தான் வித்தியாசம். அங்கே ஆயுளைப் பாருங்கள். அளந்து, புதுச் சாமான் போட்டுச் செய்த இன்ஜின் ஐந்து வருடம் ஓடினால் வருடத்துக்கு 19,000. வரலாறு தெரியாத இன்ஜின் இரண்டு வருடத்தில் மறுபடி புகைந்தால் வருடத்துக்கு 42,500. அதே பழைய இன்ஜின் வரலாறு தெரிந்த நல்ல இன்ஜினாக அமைந்தால் கணக்கு தலைகீழாகும். அதனால்தான் பில்லையும் கம்ப்ரஷனையும் அவ்வளவு வற்புறுத்துகிறேன்.

"இதுக்குப் புது வண்டியே எடுத்துடலாமே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். 7 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 14,530 ரூபாய். முழு இன்ஜின் வேலை ஆறரை மாதத் தவணைக்குச் சமம். வண்டியின் மற்ற பாகங்கள் நன்றாக இருக்கும்வரை இந்தக் கணக்கில் பழைய வண்டிதான் ஜெயிக்கும்.

மற்ற பாகங்கள் நன்றாக இல்லை என்றால்? தரைத்தகடு துருப்பிடித்து, கியர்பாக்ஸ் சத்தம் போட்டு, ஏசி கம்ப்ரஸரும் போன வண்டிக்குள் நல்ல இன்ஜினை வைப்பது எனக்கு வேலை தரும், உங்களுக்கு எதுவும் தராது. பதிவு 15 வருடத்தை நெருங்கியிருந்தால் புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணம் மட்டுமே 5,000 ரூபாய் ஆனது, பசுமை வரி தனி. இந்தியாவை விட்டுப் போன கம்பெனிகளின் வண்டி என்றால், இன்ஜின் சாமான் கிடைக்குமா என்று மட்டும் பார்க்காமல், அடுத்த ஐந்து வருடத்துக்கு ஹெட்லைட்டும் சஸ்பென்ஷன் சாமானும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். செவ்ரோலே 2017 கடைசியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகர் அதன் ஊர் என்பதால் சென்னைப் பக்கம் ஃபோர்டு வேலை தெரிந்த கைகள் இன்னும் நிறைய உண்டு. வேறு ஊர்க்காரர்கள் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண முழு பாலிசியில்கூட, தேங்கிய தண்ணீரில் செல்ஃப் அடித்ததால் இன்ஜின் போனது என்றால் அது தொடர்விளைவுச் சேதம் என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை எடுத்திருந்தால்தான் வரும். வண்டி பழசானால் அதைப் பல கம்பெனிகள் தருவதில்லை. கிளெய்ம் உண்டென்றால் சர்வேயர் பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். தேய்மானம் இல்லாத பாலிசி எடுக்கவில்லை என்றால் ஐந்திலிருந்து பத்து வருட வண்டிக்கு உலோகப் பாகங்களில் 40 சதவீதம் உங்கள் தலையில்தான். வேலைச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று வண்டியை எடுத்துக்கொண்டு பணம் கொடுப்பார்கள். அப்படி வந்தால் பாசத்தை ஒதுக்கிவைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்விஃப்ட்டுக்கு என்ன செய்தோம்

இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை உரிமையாளரிடம் இல்லை. பிளாக்கில் நான்கு சிலிண்டரும் அளவுக்குள் இருந்தன. மூன்றாவதில் பிஸ்டன் உரசிய லேசான தடம், சிலிண்டர் சுவரை உரசிச் சீராக்கும் ஹோனிங்கில் மறைந்துவிட்டது. கிராங்க் நேராக இருந்தது. ஹெட் தொட்டியில் ஒரு குமிழிகூட விடவில்லை. மூன்றும் நன்றாக இருந்ததால் சரிசெய்வதுதான் என்று சொன்னேன். வளைந்த ராடை நிமிர்த்திப் போடலாமா என்று மெக்கானிக் கேட்டார். கூடாது. நிமிர்த்திய ராடு ஒருமுறை களைத்துப்போன ராடு. புது ராடு, எல்லா பேரிங்கும், ரிங் செட், டைமிங் செயின் செட், கேஸ்கட் செட், ஆயில் பம்ப் வாங்கச் சொன்னோம். ஹெட் போல்ட்டும் புதிது. முறுக்கும்போதே இழுபடும்படி செய்த போல்ட் அது, இரண்டாம்முறை போட்டால் பிடிமானம் இருக்காது. தண்ணீர் போன டர்போ, இன்டர்கூலர் குழாய்களைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தார்கள். ஒயரிங் சாக்கெட் ஒவ்வொன்றையும் திறந்து துடைத்தார்கள். அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆனது.

வேலை முடிய பதினோரு நாள். புரோக்கர் சொன்ன இரண்டு நாளோடு ஒப்பிட்டால் அதிகம்தான். உரிமையாளர் அதுவரை பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தார்.

முதல் 1,000 கிலோமீட்டருக்கு அதிகம் முறுக்காமல், ஒரே வேகத்திலும் நிறுத்தாமல் ஏற்றி இறக்கி ஓட்டச் சொன்னேன். ஆயிரம் ஆனதும் ஆயிலை மாற்ற வந்தார். கழற்றிய ஃபில்டரை வெட்டி, உள்ளே மடிந்திருந்த தாளை வெள்ளைத் துணியில் விரித்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். பேரிங் தேய்ந்தால் வெள்ளி மினுக்கு தெரியும். இரண்டு பக்கமும் புரட்டினோம். கருப்பு ஆயில் மட்டும்தான் இருந்தது. அடுத்த ஆயில் எப்போது என்று கேட்டார். 5,000-த்தில் வாங்க என்றேன்.